"அடுத்து என்ன செய்வது?": புற்றுநோய் சிகிச்சை வழிகள் குறைந்துகொண்டே வரும்போது அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு கட்டத்துக்குப் பிறகு மருத்துவர் பேசும் விதம் மாறும். "அடுத்த மருந்தை ஆரம்பிக்கலாம்" என்பது "முயற்சி செய்து பார்க்கலாம்" என்றாகும், அப்புறம் ஒரு நாள் "வீட்டில் எல்லோரும் கலந்து பேசிவிட்டு வாருங்கள்" என்று வந்து நிற்கும். அந்த இடத்தில் திகைத்து நிற்கிற குடும்பங்களோடு உட்கார்ந்து பேசுகிற தன்னார்வலர் நான், மருத்துவர் இல்லை. திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன என்பதால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டு நோயாளியின் உடம்பு அவருடைய மருத்துவருக்குத்தான் தெரியும்; அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

"இனி ஒன்றும் செய்வதற்கில்லைன்னு சொல்லிட்டாங்க. நிஜமாவே ஒண்ணுமே இல்லையா?"

கட்டியைச் சுருக்க, கெடுதலைவிட நல்லதை அதிகமாகச் செய்யக்கூடிய மருந்து இனி இல்லை என்பதைத்தான் பெரும்பாலும் அப்படிச் சுருக்கிச் சொல்கிறார்கள். வலிக்கு மருந்து இருக்கிறது. மூச்சுத்திணறலுக்கு, வாந்திக்கு, தூக்கம் வராமல் தவிப்பதற்கு, வயிற்றில் நீர் கோத்துக்கொள்வதற்கு எல்லாவற்றுக்கும் செய்ய வேலை இருக்கிறது. எலும்பில் பரவியதால் வரும் வலிக்கு 8 கிரே அளவில் ஒரே ஒரு தடவை ரேடியேஷன் கொடுத்தாலே, பல நாள் பிரித்துக் கொடுப்பதற்கு நிகராக வலி குறைகிறது. பின்னால் இன்னொரு தடவை கொடுக்க வேண்டி வருவது மட்டும் அதிகம்.

அதனால் திரும்பிப் போய் இப்படிக் கேளுங்கள்: "நோயைக் குறைக்க வழியில்லை என்கிறீர்களா, அல்லது அவர் படும் கஷ்டத்தைக் குறைக்கவும் வழியில்லை என்கிறீர்களா?" இரண்டாவதற்கு "ஆமாம்" என்று பதில் வந்தால் அவர் உங்களை வேறு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

"குணமாகாதுன்னு முன்னாடியே தெரியும்னா, இவ்வளவு நாள் கீமோ எதுக்குக் கொடுத்தாங்க?"

கட்டுப்படுத்தி வைக்க. நோய் பரவிவிட்ட பல புற்றுநோய்களில் கீமோவின் நோக்கம் காலத்தை நீட்டிப்பதும் தொந்தரவைக் குறைப்பதும்தான். இதை யாரும் உட்கார வைத்துத் தெளிவாகச் சொல்லவில்லை என்ற கோபம் நியாயமானது, ஆனால் உங்கள் ஒரு வீட்டில் மட்டும் நடந்தது இல்லை. 2012-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பரவிய நுரையீரல் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்தவர்களில் 69 சதவீதம் பேரும் பெருங்குடல் புற்றுநோயாளிகளில் 81 சதவீதம் பேரும் கீமோ தங்களைக் குணப்படுத்தாது என்பதைப் புரிந்துகொண்டதாகத் தெரியவில்லை.

முதல் மருந்து, இரண்டாவது, மூன்றாவது என்று போகப் போகப் பலன் பொதுவாகக் குறைந்துகொண்டே வரும். முந்தைய மருந்துக்குத் தப்பிய செல்கள்தான் மிச்சம் இருக்கின்றன, தாங்குகிற உடம்பும் பழைய உடம்பு இல்லை. முதல் மருந்து நன்றாக வேலை செய்தது, இதுவும் செய்யும் என்று கணக்குப் போட முடியாது.

"இந்த மருந்துக்கு 30 சதவீதம் பலன்னு சொன்னாங்க. அப்போ நூறு பேர்ல முப்பது பேருக்குக் குணமாகுமா?"

இல்லை. பெரும்பாலும் அந்தச் சதவீதம், ஸ்கேனில் கட்டி குறிப்பிட்ட அளவுக்குச் சுருங்கியவர்களின் கணக்கு. வழக்கமான அளவுகோலின்படி, அளந்து வைத்த கட்டிகளின் விட்டங்களைக் கூட்டி, அது 30 சதவீதமாவது குறைந்தால் "பலன்" என்பார்கள். 20 சதவீதமோ அதற்கு மேலோ கூடினால் "முற்றுகிறது" என்பார்கள். சுருங்கிய கட்டி எத்தனை மாதம் அப்படியே இருக்கும், அதனால் ஆயுள் கூடுமா, வலி குறையுமா என்பதெல்லாம் தனித்தனிக் கேள்விகள். சுருங்கியும் ஆயுள் கூடாத மருந்துகள் உண்டு.

ஒரு பெரியவர். மகள் மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக மருத்துவரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தார். பெரியவர் கடைசிவரை வாய் திறக்கவில்லை. எழுந்திருக்கும்போது மட்டும், "இதைப் போட்டால் நான் மாடிப்படி ஏறுவேனா?" என்று கேட்டார். அவருடைய அறை மாடியில், இரண்டு மாதமாக அவர் ஹாலில் படுத்திருந்தார். மருத்துவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அது நடக்காது என்றுதான் நினைக்கிறேன்" என்றார். மகள் பேனாவை மூடிவிட்டார். சதவீதம் சொல்லாததை அந்தக் கேள்வி சொல்லிவிட்டது. உங்கள் வீட்டு மாடிப்படி எது என்று யோசித்து, அதைக் கேளுங்கள்.

"எத்தனை நாள் இருக்குன்னு கேட்டா டாக்டர் மழுப்புறாரே, ஏன்?"

பாதி உண்மையிலேயே தெரியாததால், பாதி சொல்ல மனம் வராததால். சிகாகோவில் செய்து 2000-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், கடைசிக்கால நோயாளிகளைப் பற்றி மருத்துவர்கள் கணித்ததில் சுமார் 20 சதவீதம்தான் சரியாக இருந்தது. 63 சதவீதம், நடந்ததைவிட அதிக நாள் சொன்ன கணிப்புகள். நோயாளியை நீண்ட நாள் தெரிந்த மருத்துவரின் கணிப்பு இன்னும் தப்பாக இருந்தது. பாசம் எல்லோருக்கும்தானே.

"சராசரி 8 மாதம்" என்று சொன்னால் பெரும்பாலும் அது நடுப்புள்ளி: பாதிப் பேர் அதற்கு முன், பாதிப் பேர் அதற்குப் பின். அதனால் ஒற்றை எண்ணைக் கேட்காமல், "நன்றாகப் போனால் எவ்வளவு, மோசமாகப் போனால் எவ்வளவு, பலருக்கும் நடப்பது எவ்வளவு?" என்று மூன்றாகக் கேளுங்கள். ஒரு தோராயக் கணக்கும் உண்டு. ஏறக்குறைய பாதிப் பேர், நடுப்புள்ளியின் பாதிக்கும் இரண்டு மடங்குக்கும் இடையில் வருவார்கள். பத்தில் ஒருவர் மூன்று மடங்கைத் தாண்டுவார், பத்தில் ஒருவர் கால் பங்கைக்கூட எட்டமாட்டார். 8 மாதம் என்றால் பலருக்கு 4 முதல் 16 மாதம், சிலருக்கு 2 ஆண்டுக்கு மேல், சிலருக்கு 2 மாதம்கூட இல்லை.

இன்னொரு வழி, மாற்றத்தின் வேகத்தைப் பார்ப்பது. மாதத்துக்கு மாதம் தளர்கிறார் என்றால் பொதுவாக மாதக்கணக்கு, வாரத்துக்கு வாரம் என்றால் வாரக்கணக்கு. கறாரான விதி இல்லை, ஆனால் அனுபவமுள்ள செவிலியர்கள் இதைத்தான் பார்க்கிறார்கள்.

"படுத்த படுக்கையா இருக்கார். கீமோ போட்டா எழுந்து நடப்பார்னு நாங்க நம்புறோம். தப்பா?"

நம்பிக்கையில் தப்பில்லை, ஆனால் பெரும்பாலும் நடப்பது நேர்மாறு. மருத்துவர்கள் ஈகாக் என்று ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். 0 என்றால் முன்போலவே இருக்கிறார், 1 என்றால் கடின வேலை மட்டும் முடியவில்லை, 2 என்றால் தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டு விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் எழுந்து நடமாடுகிறார், 3 என்றால் பாதிக்கு மேல் படுக்கையிலோ நாற்காலியிலோ இருக்கிறார், 4 என்றால் முழுக்கப் படுக்கை. பொதுவாக 3, 4-இல் கீமோ கொடுக்கத் தயங்குவது கைவிடுவதற்காக இல்லை. பலன் குறைந்து பக்கவிளைவு கூடுகிற இடம் அது.

2015-இல் வெளியான ஓர் ஆய்வு இதைவிடச் சங்கடமான ஒன்றைச் சொன்னது. கடைசிக்கட்ட நோயாளிகளில், ஓரளவு நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர்களுக்குக்கூட, கீமோ எடுத்தவர்களின் கடைசி வாரம் எடுக்காதவர்களுடையதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஏற்கெனவே தளர்ந்திருந்தவர்களுக்குக் கீமோவால் எந்த முன்னேற்றமும் தெரியவில்லை.

விதிவிலக்குகள் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் அது அநியாயம். சில லிம்போமாக்கள் (நிணநீர்ப் புற்றுநோய்கள்), சிறுசெல் நுரையீரல் புற்றுநோய், விரையில் தோன்றும் கட்டிகள் போன்றவை கீமோவுக்குச் சட்டென்று கட்டுப்படக்கூடியவை. குறிப்பிட்ட மரபணு மாற்றம் இருக்கும் நுரையீரல் புற்றுநோயில், படுத்திருந்தவர் மாத்திரையால் எழுந்ததும் உண்டு. ஆகவே கேள்வி: "இவர் தளர்ந்திருப்பது நோயாலா, சிகிச்சையாலா? இந்த வகைப் புற்றுநோய் மருந்துக்கு வேகமாகக் கட்டுப்படுமா?"

"செகண்ட் ஒப்பீனியன் போனா எங்க டாக்டர் கோவிச்சுக்குவாரா?"

நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் அதுவும் ஒரு தகவல்தான். கையோடு எடுத்துப் போக வேண்டியவை: பயாப்ஸி அறிக்கை, முடிந்தால் மெழுகில் பதித்து வைத்த அந்தத் திசுக் கட்டைகளும் ஸ்லைடுகளும், ஸ்கேன்களின் அறிக்கை மட்டுமில்லாமல் படங்கள் அடங்கிய சிடி, எந்த மருந்து எந்தத் தேதியில் எத்தனை சுற்று என்ற சுருக்கம்.

அங்கே தவறாமல் கேட்க வேண்டியது, கட்டியின் மரபணுச் சோதனை செய்தாயிற்றா என்பது. கட்டி எந்த உறுப்பில் என்று பார்க்காமல் அதன் மூலக்கூறு அடையாளத்தை மட்டும் பார்த்துக் கொடுக்கும் மருந்துகள் வந்துவிட்டன. மே 2017-இல் அமெரிக்கா பெம்ப்ரோலிசுமாபை அப்படி அனுமதித்ததுதான் முதல் தடவை, அடுத்த ஆண்டு லாரோட்ரெக்டினிப் வந்தது. அந்த அடையாளம் இருப்பவர்கள் பெரும்பாலான புற்றுநோய்களில் சிறுபான்மைதான். ஆனால் சோதனையே செய்யாமல் "வழியில்லை" என்ற முடிவுக்கு வரக் கூடாது. இரண்டாவது மருத்துவரும் அதையே சொன்னால் ஐந்தாவது, ஆறாவது என்று ஓடாதீர்கள். அலைச்சல் நோயாளிக்குத்தான்.

"ட்ரையல்ல சேர்க்கலாமான்னு கேக்குறாங்க. நம்மை வச்சு சோதனை பண்றாங்களா?"

ஆமாம், சோதனைதான், அதை ஒளிக்க வேண்டியதில்லை. எந்தக் கட்டம் என்று கேளுங்கள். முதல் கட்டத்தின் நோக்கம் எவ்வளவு மருந்தை உடம்பு தாங்கும் என்று கண்டுபிடிப்பது. இரண்டாம் கட்டத்தில் வேலை செய்கிறதா என்று பார்ப்பார்கள், மூன்றாம் கட்டத்தில் இப்போதுள்ள சிகிச்சையோடு ஒப்பிடுவார்கள். 1991 முதல் 2002 வரை அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆதரவில் நடந்த முதல் கட்டச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில், கட்டி சுருங்கியது 10.6 சதவீதம் பேருக்கு, மருந்தாலேயே இறந்தவர்கள் 0.49 சதவீதம். (சுருங்குவது என்றால் என்ன என்று மேலே சொல்லிவிட்டேன்.)

பின்னால் வருபவர்களுக்கு உதவும் என்ற எண்ணம் நோயாளிக்கே இருந்தால் சேர்வது நல்ல காரியம். எத்தனை முறை மருத்துவமனை வர வேண்டும், எத்தனை முறை ரத்தம் எடுப்பார்கள், பாதியில் விலகலாமா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகும் உரிமை உண்டு.

"தெரிஞ்சவங்க ஒருத்தருக்கு வேற மருந்துல முழுசா சரியாயிடுச்சாம். அதையும் பார்க்கலாமே?"

அந்தத் தெரிந்தவருக்கு என்ன புற்றுநோய், எந்தக் கட்டம், அதற்கு முன் அறுவை சிகிச்சையோ கீமோவோ நடந்ததா என்று விசாரியுங்கள். பெரும்பாலும் கதை அங்கேயே கரைந்துவிடும். ஆப்ரிகாட் பழக் கொட்டையில் இருக்கும் பொருளிலிருந்து எடுத்த லேட்ரைல் ஒரு காலத்தில் இப்படித்தான் புகழ் பெற்றது. 1982-இல் 178 நோயாளிகளிடம் முறையாகச் சோதித்தபோது யாருக்கும் உருப்படியான பலன் இல்லை, சிலருக்கு ரத்தத்தில் சயனைடு அளவு ஆபத்தை நெருங்கியது.

மனநிம்மதிக்காக ஏதாவது எடுப்பதானால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு எடுங்கள். சில மூலிகைகள் கல்லீரலில் கீமோ மருந்தின் கணக்கையே மாற்றிவிடும். வெறும் வயிற்றில் லிட்டர் கணக்கில் கசாயம் குடிக்க வைத்து, இருக்கிற கொஞ்சப் பசியையும் கெடுத்துவிடாதீர்கள் என்பது என் சொந்த வேண்டுகோள்.

"பாலியேட்டிவ் கேருக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க. அப்படின்னா முடிஞ்சுதுன்னு அர்த்தமா?"

இல்லை. முதல் கேள்வியில் சொன்ன கஷ்டங்களையெல்லாம் பார்த்துக்கொள்வதையே தொழிலாகப் படித்தவர்கள் அவர்கள். கீமோ நடக்கும்போதே அவர்களையும் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். 2010-இல் வெளியான ஒரு பாஸ்டன் ஆய்வில், பரவிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆரம்பத்திலிருந்தே இந்தக் கவனிப்பையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது, கடைசியில் கடுமையான சிகிச்சைகளும் குறைவு. அவர்களுடைய நடுப்புள்ளி ஆயுள் 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9. எல்லா ஆய்விலும் ஆயுள் இப்படிக் கூடவில்லை, ஆனால் "அங்கே போனால் சீக்கிரம் போய்விடுவார்" என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை.

"மார்பின் கொடுத்தா அடிமையாயிடுவார், இல்லன்னா சீக்கிரம் போயிடுவார்னு சொல்றாங்களே?"

வலிக்கு ஏற்ற அளவில் ஆரம்பித்துப் படிப்படியாகக் கூட்டிக் கொடுக்கும்போது மார்பின் சாவை விரைவுபடுத்துவதில்லை. கடைசி ஊசிக்குப் பிறகு இறந்தார் என்றால், யாருக்குமே ஒரு கடைசி ஊசி இருக்கத்தான் செய்யும். அடிமையாவது பற்றி இந்தக் கட்டத்தில் கவலைப்படுவதைவிட, மலச்சிக்கலைப் பற்றிக் கவலைப்படுங்கள்; அது கிட்டத்தட்ட எல்லோருக்கும் வரும், அதனால் மார்பினோடு மலமிளக்கியும் முதல் நாளிலிருந்தே எழுதியிருக்கிறார்களா என்று சீட்டைப் பாருங்கள். முதல் சில நாள் தூங்கி வழிவார், அப்புறம் தெளிவார். பல நாள் வலியில் தூங்காதவர் அன்று தூங்குவது சில நேரம் வெறும் தூக்கம்தான்.

வலி வந்த பிறகு கொடுக்காமல், சொன்ன மணிக்குக் கொடுங்கள்.

"சாப்பிடவே மாட்டேங்குறார். டிரிப்ஸாவது போடலாமா? பட்டினியால போயிடுவாரோன்னு பயமா இருக்கு."

சாப்பிடாததால் நோய் முற்றுவதில்லை, நோய் முற்றுவதால்தான் சாப்பிட முடியவில்லை. இந்தக் கட்டத்தில் உடம்பு தசையைத் தானே கரைக்கிறது, உள்ளே போவதைச் சரியாகப் பயன்படுத்திக்கொள்வதில்லை. நீர்ச்சத்துக்கும் சோதனை நடந்திருக்கிறது: 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், கடைசிக்கட்டப் புற்றுநோயாளிகளுக்கு நாளுக்கு 1 லிட்டர் ஏற்றியதையும் பெயரளவுக்கு 100 மில்லி மட்டும் ஏற்றியதையும் ஒப்பிட்டார்கள். அறிகுறிகளிலும் ஆயுளிலும் வித்தியாசம் இல்லை. அளவு மீறினால் காலிலும் நெஞ்சிலும் நீர் கோக்கும்.

கேட்டதைக் கேட்ட நேரத்தில் இரண்டு வாய் கொடுங்கள், போதும். வாய் உலர்வதுதான் பெரிய அவஸ்தை, அடிக்கடி ஈரத்துணியால் நனைத்துவிடுங்கள். வாய்ப்புண்ணோ வாந்தியோ காரணம் என்றால் அதற்கு மருந்து இருக்கிறது, அதைச் சரிபார்க்காமல் விட வேண்டாம்.

"அவருக்கு விஷயத்தைச் சொல்லவே கூடாதுன்னு வீட்ல முடிவு பண்ணியிருக்கோம். சரிதானே?"

நீங்கள் முடிவு செய்ததற்கு முன்பே பெரும்பாலும் அவருக்குத் தெரிந்திருக்கும். உடம்பு அவருடையது, வீட்டில் எல்லோரும் வாசலில் நின்று குசுகுசுவென்று பேசுவதும் அவருக்குக் கேட்கிறது. அவர் உங்களுக்காக நடிக்கிறார், நீங்கள் அவருக்காக நடிக்கிறீர்கள். கையெழுத்து, கடன், யாரிடமாவது மன்னிப்பு, கடைசியாக ஒருவரைப் பார்க்கும் ஆசை எல்லாம் இந்த நாடகத்தில் அடிபட்டுப் போகிறது.

எல்லாவற்றையும் போட்டு உடைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. "ரிப்போர்ட் பற்றி உங்களிடமே பேசட்டுமா, எங்களிடம் பேசினால் போதுமா?" என்று அவரையே கேளுங்கள். "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்றால் அதுவும் அவர் எடுத்த முடிவு, மதிக்க வேண்டியதுதான். கேட்டால் மட்டும் பொய் சொல்லாதீர்கள்.

"இன்னும் ஒரே ஒரு ரவுண்டு போட்டுப் பார்ப்போம்னு தோணுது. எங்கே நிறுத்துறதுன்னே தெரியலை."

என்னைக் கேட்டால், இந்தப் பக்கத்தில் முக்கியமான கேள்வி இதுதான். "இன்னும் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டால் ஏதாவது ஒன்று எப்போதும் இருக்கும், அதனால் அந்தக் கேள்வியில் நிறுத்துமிடம் கிடைக்காது. ஆரம்பிக்கும் முன்பே எல்லை போட வேண்டும். "இரண்டு சுற்று போடுவோம், அப்புறம் ஸ்கேன் எடுப்போம். கட்டி வளர்ந்திருந்தாலோ, பாதி நாளுக்கு மேல் படுக்கையில் இருந்தாலோ, காய்ச்சலுக்காக மருத்துவமனையில் சேர வேண்டி வந்தாலோ நிறுத்துவோம்." இதை மருத்துவர் முன்னால் வாய்விட்டுச் சொல்லி, ஃபைலில் எழுதச் சொல்லுங்கள். நடுவில் இருக்கும்போது எல்லோருக்கும் மனம் இளகும், எழுதியது இளகாது.

எல்லை எது என்பதை நோயாளிதான் சொல்ல வேண்டும். ஒருவர் பேச்சும் நினைவும் தெளிவாக இருக்கிறவரை எதையும் தாங்குவேன் என்பார். இன்னொருவர் மாதத்தில் பாதி நாள் மருத்துவமனையில் கழிந்தால் வேண்டாம் என்பார். பேத்தி கல்யாணம் வரை இழுத்துப் பிடிக்க வேண்டும் என்று தேதியோடு சொல்பவரும் உண்டு, அப்போது கணக்கே வேறு: அந்தத் தேதியில் அவர் உட்கார்ந்திருக்கும் நிலையில் இருப்பாரா என்பதுதான் மருத்துவரிடம் கேட்க வேண்டியது.

"வீட்டை வித்தாவது பண்ணணும்னு அண்ணன் சொல்றார். வேண்டாம்னு சொன்னா பாசம் இல்லைன்னு ஆயிடுமே?"

தூரத்தில் இருந்துவிட்டுத் திடீரென்று வந்தவர்தான் பெரும்பாலும் இப்படிப் பேசுவார். வில்லன் இல்லை அவர்; பக்கத்தில் இருந்தவர்கள் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுக்கொண்டதை அவர் ஒரே நாளில் விழுங்க வேண்டியிருக்கிறது. அவரோடு வாதாடாமல் இரண்டு இரவு நோயாளி பக்கத்தில் படுக்கச் சொல்லுங்கள், அப்புறம் மருத்துவரிடம் கூட்டிப் போய் மேலே சொன்ன கேள்விகளை அவரையே கேட்க விடுங்கள். கடன் வாங்குவதைப் பற்றி நோயாளியிடம் கேட்டீர்களா? "எனக்காக வீட்டை விற்காதீர்கள்" என்று சொல்ல அவருக்கும் ஒரு வாய்ப்பு கொடுங்கள்.

"திடீர்னு மூச்சு நின்னா ஐசியு, வெண்டிலேட்டர் வேணுமான்னு எழுதிக் கேக்குறாங்க. என்ன சொல்றது?"

சரிசெய்யக்கூடிய காரணம் இருந்தால், உதாரணமாகக் கிருமித் தொற்று, ஐசியு சில நாள் தாங்கிப் பிடிக்கும். நோயே முற்றி உறுப்புகள் ஓய்கின்றன என்றால் வெண்டிலேட்டர் அதைத் திருப்பாது. குழாய் போட்ட பிறகு அவரால் பேச முடியாது, பார்க்கவும் நேரக் கட்டுப்பாடு இருக்கும். இதயம் நின்றால் நெஞ்சை அழுத்துவதும் அப்படித்தான், முற்றிய நோயில் பெரும்பாலும் விலா எலும்புதான் முறியும். இதை நள்ளிரவு அவசரத்தில் முடிவு செய்யாமல் இப்போதே பேசி, எழுதிக் கொடுங்கள். சட்டப்படி அதற்கு என்ன தாள் என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும், மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் கேட்கலாம். வேண்டாம் என்று எழுதினால் வலிக்கு மருந்தையோ ஆன்டிபயாடிக்கையோ நிறுத்திவிட மாட்டார்களா என்று கேட்பார்கள். இல்லை, அவை தனி.

"நிறுத்தலாம்னு சொன்னது நான்தான். நானே முடிச்சுவச்ச மாதிரி ஆயிடுச்சா?"

நோய் போன போக்கில் நீங்கள் எடுத்த முடிவு இது. மருந்து வேலை செய்யவில்லை என்று தெரிந்த பிறகுதான் இந்தக் கேள்வியே உங்கள் முன் வந்தது. முடிவின் முழுச் சுமையையும் ஒருவர் தலையில் வைக்கும் விதமாகக் கேட்கும் மருத்துவர்களும் இதற்குக் காரணம்: "என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்டால், "அவருடைய விருப்பம் இது, உங்கள் அனுபவத்தில் நீங்கள் எதைப் பரிந்துரைக்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேளுங்கள். பரிந்துரை சொல்வது அவர்கள் வேலை. நிறுத்திய பிறகு உடம்பு தேறினால் மறுபடி பேசலாம், கதவு அடைபடவில்லை.

"வீட்ல வச்சுப் பார்த்துக்குறோம். ராத்திரி ஏதாவது ஆனா என்ன பண்றது?"

வீட்டுக்குப் போகும் முன்பே இதைக் கேளுங்கள்: இரவில் யாருக்குப் போன் செய்வது, வலி கூடினால் எவ்வளவு கூடுதல் மருந்து கொடுக்கலாம், விழுங்க முடியாமல் போனால் அதே மருந்தை எப்படிக் கொடுப்பது. அந்த மருந்துகள் கையில் இருக்க வேண்டும், சீட்டு மட்டும் போதாது. முதுகுவலியோடு கால் மரத்துப்போவது, நடை தடுமாறுவது, சிறுநீர் வராமல் போவது வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் உடனே கூப்பிடுங்கள். தண்டுவடம் அழுந்துவதாக இருக்கலாம், சீக்கிரம் பார்த்தால் கால் செயலிழக்காமல் காப்பாற்ற முடியும்.

கடைசி நாட்களில் தொண்டையில் கரகரவென்று சத்தம் வரும். கேட்பவர்களுக்குத்தான் அது பயங்கரம், அவருக்கு அநேகமாகத் தெரியாது. ஒருக்களித்துப் படுக்க வைத்தால் குறையும். மூச்சு விட்டு விட்டு வருவதும் கை கால் குளிர்வதும் அந்த நேரத்துக்கு உரியவை, அதற்காக ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டியதில்லை. ரத்தக் கசிவு வரலாம் என்று மருத்துவர் எச்சரித்திருந்தால் அடர்நிறத் துண்டுகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், வெள்ளைத் துணியில் கொஞ்ச ரத்தமும் நிறையத் தெரியும். அவர் இறந்த பிறகு யாரைக் கூப்பிட வேண்டும், சான்றிதழ் யார் தருவார் என்பதையும் அதே தாளில் எழுதிப் போனுக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.